கொக்குப் பூவும் ஊர்ப் பொதுநிலமும்

பயிர்த்தொழிலில் ஒரு நாடு மற்றொரு நாட்டினிடமிருந்து பாடம் கற்பது புதிதன்று. 1953-ஆம் ஆண்டில் ஜப்பானிய முறை நெல் சாகுபடி நம் நாடெங்கும் பரப்பப்பெற்றபோது, மேட்டுப்பாத்தி நாற்றங்காலும் வரிசை நடவும் நம் உழவர் பலருக்கு அறிமுகமாயின. அதே ஜப்பான் தேசத்துக் கிராமங்களிலிருந்து நாம் கற்கத்தக்க வேறொரு பாடமும் உண்டு. அது நெல்லைப் பற்றியதன்று. ஒரு சிறிய வெண்மலரைப் பற்றியது. அம்மலரை அந்நாட்டு மக்கள் வீட்டுச் சட்டியில் எவ்வாறு வளர்த்துப் பேணுகின்றனர் என்பதும், வீட்டில் இத்துணை நன்றாக வளரும் அச்செடி ஊர்ப்புறத்தில் ஏன் அருகி வருகின்றது என்பதுமே இக்கட்டுரையின் பொருளாகும். இரண்டாம் கேள்விக்குக் கிடைக்கும் விடை, ஏரியும் புறம்போக்கும் உள்ள ஒவ்வொரு பஞ்சாயத்தும் எண்ணிப் பார்க்கவேண்டியதாகும்.

கொக்குப் பூ

ஆர்க்கிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளில் பல, மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்வன. வேறு சில மண்ணிலேயே வேரூன்றி வளர்வன. இவற்றை நில ஆர்க்கிட் என்பர். ஜப்பானிலும் கொரியாவிலும் வளரும் ‘சாகிசோ’ என்பது இத்தகைய நில ஆர்க்கிட்களுள் ஒன்று. ‘சாகி’ என்றால் கொக்கு. ‘சோ’ என்றால் புல். தாவர நூலார் இதனைப் பெக்டெய்லிஸ் ரேடியேட்டா என்று வழங்குவர். ஹபனேரியா ரேடியேட்டா என்பது முன்னர்ப் பெருவழக்காயிருந்த பெயர்.

செடி ஒரு முழத்துக்கும் குறைவான உயரமே உடையது. 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை வளரும். புல்லைப்போல் ஒடுங்கிய சில இலைகளும், மெல்லிய ஒரு தண்டும், அதன் நுனியில் ஒன்று முதல் மூன்று மலர்களும் காணப்படும். மலர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமுடையது. அதன் கீழிதழ் மூன்றாகப் பிரிந்து, பக்கத்து இரு பிரிவுகளும் இறகின் ஓரம்போல் கிழிந்து விரிந்திருக்கும். சற்று எட்ட நின்று பார்ப்பவருக்கு, சிறகை விரித்து வானிற் பறக்கும் வெண்கொக்காகவே அது தோன்றும். மலரின் பின்புறம் பச்சை நிறமான நீண்ட குழல் ஒன்று தொங்கும். தேன் அதனுள் இருக்கின்றது. நீண்ட உறிஞ்சுகுழலையுடைய அந்துப்பூச்சிகள் அந்தத் தேனை நாடி வந்து மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன.

இம்மலரின் மீது ஜப்பானியர் கொண்டுள்ள பற்று பெரிது. வெண்கொக்குக் கோட்டை எனப் பெயர்பெற்று, 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட கோட்டையையுடைய ஹிமெஜி நகரம், இதனையே தன் நகர மலராகக் கொண்டுள்ளது. டோக்கியோவைச் சேர்ந்த செட்டகாயா வட்டத்தின் மலரும் இதுவே. துன்புற்ற ஓர் இளவரசி தன் செய்தியைக் கொக்கின் காலிற் கட்டி அனுப்பினாள் என்றும், அக்கொக்கு வீழ்ந்து மாண்ட இடத்தில் இச்செடி முளைத்தது என்றும் அவ்வட்டத்தார் ஒரு கதை சொல்லுவர்.

செடியின் வாழ்க்கை முறை

எந்தப் பயிரையும் வளர்ப்பதற்கு முன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். கொக்குப் பூ ஈரமான, வெயில் படும், சத்துக் குறைந்த சதுப்பு நிலத்திற்கு உரியது. மண்ணிலிருந்து தெளிந்த ஊற்று நீர் இடையறாது கசியும் இடங்களில், சதுப்புப் பாசியின் நடுவே அது வளர்கின்றது.

தரைக்கடியில் பட்டாணி அல்லது மொச்சைக்கொட்டை அளவுள்ள சிறு கிழங்கு ஒன்று உண்டு. இளவேனிலில் அது முளைத்து இலை விடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கும். இதற்கிடையில் மண்ணுக்குள் மெல்லிய ஓடுதண்டுகள் படர்ந்து, அவற்றின் நுனியில் புதிய கிழங்குகள் உருவாகும். குளிர்காலம் தொடங்கும்போது இலையும் தண்டும் காய்ந்துவிடும். பழைய கிழங்கும் அழிந்துவிடும். புதிய கிழங்குகள் மட்டும் குளிரில் உறங்கி, அடுத்த இளவேனிலில் முளைக்கும். ஆகவே, ஆண்டுதோறும் நாம் காண்பது புதிய கிழங்கின் செடியே. நன்கு பேணப்பெற்ற ஒரு கிழங்கு, ஆண்டு முடிவில் இரண்டு அல்லது மூன்று கிழங்குகளைத் தரும். பின்வரும் முறைகள் அனைத்தும் இந்த ஒரு உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

நடவு

ஜப்பானில் இளவேனில் நெருங்கும்போது, பண்ணைகளில் வளர்த்த கிழங்குகள் தோட்டக் கடைகளில் விற்பனைக்கு வரும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நடவுக்கு ஏற்ற காலம். உறுதியாகவும், வெண்மையாகவும், அழுகல் இன்றியும் உள்ள கிழங்கையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

சட்டி ஆழமாக இருக்கவேண்டியதில்லை. 15 சென்டிமீட்டர் வாயகலமுள்ள சட்டி ஒரு குடும்பத்துக்குப் போதும். அடியில் நீர் வடிவதற்குப் பருமனான எரிமலைக் கற்பொடியைப் பரப்புவர். அதன்மேல் நீரில் ஊறவைத்துப் பிழிந்த சதுப்புப் பாசியை இட்டு நிரப்புவர். பாசியை இறுக அழுத்தலாகாது. தளர்வாக விட்டாலும் விரைவில் காய்ந்துவிடும். கையால் தொட்டால் பஞ்சணைபோல் மெத்தென்று இருப்பது தக்க பதம்.

பாசியின் மீது, ஒன்றுக்கொன்று 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, முளை முனை மேல்நோக்குமாறு கிழங்குகளை வைக்கவேண்டும். முனை எதுவெனத் தெளிவாகத் தெரியாவிடில் கிடையாக வைத்தாலும் முளைத்துவிடும். மேலே 1 அல்லது 2 சென்டிமீட்டர் கனத்திற்குப் பாசியை மூடவேண்டும். இவ்வளவுள்ள சட்டியில் 10 முதல் 15 கிழங்குகள் வரை நடலாம். ஒரே கிழங்கைத் தனியே நட்டால் அழகும் குறையும். அது பழுதுபட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

வயல் மண்ணையோ மக்கிய எருவையோ ஏன் பயன்படுத்தலாகாது என்று நம் உழவர் கேட்கக்கூடும். வளமான மண்ணில் இச்செடியின் கிழங்கு எளிதில் அழுகிவிடும். சதுப்புப் பாசி மிகுந்த நீரைத் தன்னுள் வைத்திருந்தும் காற்றுக்கு இடம் விடுகின்றது, சிறிது புளிப்புத் தன்மையும் உடையது, சத்தும் குறைவு. அது, செடி தன் பிறப்பிடத்தில் பழகிய நிலையேயாகும்.

நீரும் வெயிலும் உரமும்

முளைத்தது முதல் இலை காயும் வரை பாசி ஒரு நாளும் உலர்தல் கூடாது. தினமும் நீர் ஊற்றுவர். வெப்பம் மிகுந்த நாட்களில் காலை மாலை இருவேளையும் ஊற்றுவர். ஆழமில்லாத தட்டில் சிறிது நீர் விட்டு அதில் சட்டியை வைப்பதும் உண்டு. தட்டு நீர் நாட்பட நின்று கெடாதவாறு மாற்றிவிட வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீர் ஆகாது. மழைநீர் மிக நன்று.

வெயில் இச்செடிக்கு இன்றியமையாதது. நிழலில் வைத்தால் தண்டு மெலிந்து நீண்டு சாய்ந்துவிடும், பூவும் வராது. நாளில் பாதிக்குக் குறையாமல் வெயில் படுமிடத்திலே வைத்து, கடுங்கோடையின் நண்பகலில் மட்டும் சிறிது மறைப்புத் தருவர்.

உரத்தில் கைநிறைய இடும் பழக்கம் இங்கே தீமையாக முடியும். இலைகள் விரிந்த பின்னர், திரவ உரத்தை 2,000 மடங்கு நீரிற் கலந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை இடுவது வழக்கம். மொட்டு தோன்றும் காலத்தில் நிறுத்திவிட்டு, பூ முடிந்தபின் மீண்டும் சிறிது இடுவர்.

பூவுக்குப் பின்

புதிதாக வளர்ப்போர் பெரும்பாலும் பிழை செய்வது இக்கட்டத்திலேதான். பூ வாடியதும் வேலை முடிந்தது என்று கருதிச் சட்டியை மூலையில் ஒதுக்கிவிடுவர், நீரும் விடுவதில்லை. உண்மையில் அடுத்த ஆண்டின் கிழங்கு பருப்பது அப்போதுதான். இலை பச்சையாக உள்ளவரை அது வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக் கிழங்குக்கு அனுப்புகின்றது. ஆகவே வாடிய பூவை மட்டும் கிள்ளியெறிந்து, இலையைக் காத்து, முன்போலவே நீரும் வெயிலும் தருதல் வேண்டும். நெற்கதிர் பால்கட்டும் பருவத்தில் தண்ணீரை நிறுத்திவிடும் உழவன் உண்டோ? இதுவும் அத்தகையதே.

இலை முற்றும் காய்ந்தபின், தண்டை அறுத்துவிட்டு, சட்டியை உறைபனி தாக்காத குளிர்ந்த இடத்தில் வைப்பர். உறங்கும் கிழங்குக்கு மிகுந்த நீர் வேண்டியதில்லை; ஆனால் பாசி முழுவதும் உலர்ந்துவிட்டாற் கிழங்கு சுருங்கி மாண்டுபோகும். ஈரக்கசிவு இருந்தாற் போதும். சிலர் கிழங்குகளை எடுத்து, ஈரப் பாசியிற் பொதிந்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காப்பதுமுண்டு.

ஜனவரி, பிப்ரவரியில் சட்டியைக் கவிழ்த்துக் கிழங்குகளைப் பொறுக்கி, புதிய பாசியில் மறுபடி நடவேண்டும். பழைய பாசி ஓராண்டில் மட்கி இறுகிவிடுவதாலும், கிழங்குகள் ஓரிடத்தில் நெருங்கிவிடுவதாலும் இஃது ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணியாகும். 10 கிழங்குகளில் தொடங்கி, ஒவ்வொன்றும் இரண்டாகப் பெருகுமாயின், மூன்றாம் ஆண்டு முடிவில் 80 கிழங்குகள் கையிலிருக்கும். மிகுந்ததை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். அவ்வாறு கொடுப்பதும் ஒரு காப்புமுறையே. ஒருவர் சட்டி கெட்டாலும் மற்றவர் சட்டியில் செடி வாழும்.

நோயும் பூச்சியும்

அசுவினிப் பூச்சி இளந்தளிரிலும் மொட்டிலும் சாற்றை உறிஞ்சுகின்றது. அதனினும் பெரிய தீங்கு, அது ஒரு செடியின் நச்சுயிர் நோயை மற்றொன்றுக்குக் கொண்டு செல்வதாகும். இலையில் வெளிர்ந்த திட்டுகள் தோன்றினாலும், பூ உருக்குலைந்து மலர்ந்தாலும் நச்சுயிர் நோயென ஐயுறவேண்டும். இதற்கு மருந்து கிடையாது. அச்செடியைக் கிழங்கோடு எடுத்து எரித்துவிடுவதே மற்றவற்றைக் காக்கும் வழி. ஒரு செடியை வெட்டிய கத்தரியைச் சுத்தம் செய்யாமல் மற்றொரு செடிக்குப் பயன்படுத்தலாகாது. மொட்டைத் தின்னும் புழுவையும் வெட்டுக்கிளியையும் கையாற் பொறுக்கியே அகற்றலாம்.

விதை ஏன் எளிதில் முளைப்பதில்லை

ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. நெல்மணிக்குள் முளைக்கு வேண்டிய உணவு சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ஆர்க்கிட் விதைக்குள் அத்தகைய சேமிப்பு இல்லை. இயற்கையில், மண்ணில் வாழும் ஒருவகைப் பூசணம் அவ்விதையோடு சேர்ந்து அதற்கு உணவூட்டினாலன்றி அது வளராது. இவ்வுண்மையை 1899-இல் பிரெஞ்சு அறிஞர் நோயெல் பெர்னார் கண்டறிந்தார். பின்னர் 1922-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்ஸன், சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில், பூசணத்தின் துணையின்றியே ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கும் முறையை வெளியிட்டார். இன்று பல ஆர்க்கிட்கள் இம்முறையிலேயே ஆய்வுக் குப்பிகளில் வளர்க்கப்படுகின்றன.

இதிலிருந்து உழவர் அறியவேண்டியது ஒன்று. காட்டிலிருந்து ஒரு நில ஆர்க்கிட்டைப் பெயர்த்து வீட்டில் நட்டால், செடி மட்டுமே வருகின்றது. அதற்குத் துணையான பூசணமும், நீரோட்டமும், மகரந்தம் கொண்டுசெல்லும் பூச்சியும் உடன் வருவதில்லை. கொக்குப் பூவின் ஓரக் கிழிசல் வெறும் அழகுக்காக மட்டுமன்று என்று 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. அந்துப்பூச்சி தேன் குடிக்கும்போது அதனைக் காலாற் பற்றிக்கொள்கின்றது. கிழிசலை அகற்றிய மலர்களில் நல்ல விதைகள் குறைந்தன. ஒரு சிறு மலருக்குள் இத்துணைத் தொடர்புகள் உள்ளன.

ஊர்ப்புறத்தில் அருகுவது ஏன்

வீடுதோறும் சட்டியில் பூக்கும் இச்செடியை, ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அழிவை நெருங்கும் நிலையிலுள்ள தாவரங்களின் வரிசையில் வைத்துள்ளது. இதன் காரணத்தை ஆராய்ந்தால் நமக்குப் பழக்கமான காட்சிகளே கண்முன் வருகின்றன.

ஹிமெஜி நகரம் அடங்கிய ஹியோகோ மாகாணம் குளத்துப் பாசனத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசனக் குளங்கள் உள்ளன. ஜப்பானில் வேறெந்த மாகாணத்திலும் இத்துணைக் குளங்கள் இல்லை. நெல் வயலுக்காக முன்னோர் மண்கரை கட்டி வெட்டிய இக்குளங்களின் ஓரத்திலும், குன்றடியில் நீர் கசியும் இடங்களிலும் கொக்குப் பூ வாழ்ந்து வந்தது. உழவர்கள் ஆண்டுதோறும் கரைப்புல்லை அறுத்துத் தீவனத்துக்கும் எருவுக்கும் கொண்டு சென்றனர். பூவைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. எனினும், உயர்ந்த புல்லும் புதரும் மூடாமல் வெயில் தரையிற் பட்டதனால், அந்தச் சிறு செடி பிழைத்தது.

பின்னர் வேதியுரம் வந்தது. அடுப்பெரிக்க வேறு எரிபொருள் வந்தது. புல்லறுக்கும் வழக்கம் நின்றது. புதரும் மரமும் சதுப்பை மூடின. பல இடங்களில் சதுப்பை மேடாக்கி வீடும் சாலையும் கோல்ஃப் மைதானமும் அமைத்தனர். சில குளங்களின் மண்கரைக்குச் சிமெண்டுப் பூச்சு வந்ததும் கசிவு நின்றது. மேட்டு நிலத்து உரம் மழையோடு இறங்கிச் சதுப்பைக் கொழுக்கச் செய்தது. கொழுத்த நிலத்தில் உயர்ந்த புல் ஓங்க, சிறிய செடி தோற்றது. எஞ்சியதையும் விற்பனைக்காகத் தோண்டிச் சென்றோர் உண்டு.

சட்டியில் வளர்த்த கிழங்குகளைச் சதுப்பில் கொண்டுபோய் நட்டுவிட்டால் இக்குறை தீருமே எனத் தோன்றலாம். அது நல்ல நோக்கமாயினும் தவறான செயலாகும். கடைக் கிழங்கு எவ்வூரினது என்பது தெரியாது. வெள்ளை ஓர இலையுள்ள ‘கிங்கா’ போன்ற தேர்வு வகைகளும் அவற்றுள் கலந்திருக்கும். அவை அவ்வூர்ச் செடியோடு கலந்தால், நெடுங்காலமாக அவ்வூர் நீருக்கும் குளிருக்கும் பழகிய இனம் தன் தனித்தன்மையை இழக்கும். சட்டியில் வந்த நச்சுயிர் நோயும் அங்கே பரவக்கூடும். வீட்டுச் செடி வீட்டில் இருக்கட்டும். காட்டுச் செடிக்கு அதன் இடத்தைக் காத்துக் கொடுப்பதே வழி. ஆண்டுக்கொருமுறை புல்லறுத்து, புதர் நீக்கி, நீர்க்கசிவைத் தடுக்காமல் விடுவதே அங்கே செய்யத்தக்க பணி.

நமக்குரிய பாடம்

கொக்குப் பூவை நம் சமவெளி ஊர்களில் வளர்க்குமாறு இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. குளிர்கால உறக்கமின்றி அது நிலைக்காது. வெளிநாட்டுச் செடியைக் கொணர இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். வீட்டில் நில ஆர்க்கிட் வளர்க்க விரும்புவோர், நாற்றுப் பண்ணைகளில் வளர்த்து விற்கப்படும் ஸ்பாத்தோகுளோட்டிஸ் போன்ற வகைகளைக் கொள்ளலாம். செடியின் பிறப்பிடத்து நிலையை அறிந்து சட்டியை அமைத்தல், பூவுக்குப்பின் இலையைப் பேணுதல், நோயுற்றதை உடனே அகற்றுதல் என மேலே கூறியவை அவற்றுக்கும் பொருந்தும்.

நம் நாட்டிலும் அரிய நில ஆர்க்கிட்கள் உள்ளன. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் அவற்றுட் பல, வறண்ட காலத்தில் கிழங்காக மறைந்திருந்து மழை வந்ததும் தலைகாட்டுகின்றன. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாஃபியோபெடிலம் டிரூரி என்னும், செருப்பு வடிவ மலருடைய ஆர்க்கிட், வணிகருக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டு அழிவின் விளிம்புக்கு வந்தது. அவ்வகை ஆர்க்கிட்களைக் காட்டிலிருந்து எடுப்பதையும், உரிமமின்றி வளர்ப்பதையும் விற்பதையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கின்றது. கிழங்கைத் தோண்டினால் அடுத்த ஆண்டுச் செடியையே தோண்டியதாகும் என்பதை மலையடிவார ஊரார் குழந்தைகளுக்கும் கற்பிக்கவேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கையில் ஒரு கருவியும் உண்டு. 2002-ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் உயிரியற் பன்மை மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்கவேண்டும். ஊரிலுள்ள செடி, கொடி, உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்தவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் உயிரியற் பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சிற்றூரின் பாறையும் சுனையும் குளமும் நாடறிந்த செல்வமாகலாம் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஏரிக்கரையைச் செப்பனிடும் திட்டம் மன்றத்தின் முன் வரும்போது, எந்த இடத்தில் நீர் கசிகின்றது, அங்கே எவை வளர்கின்றன என்பதை ஊர்ப் பெரியவர்களிடமும் ஆடுமாடு மேய்ப்போரிடமும் முதலிற் கேட்டறிக. கசிவு கரைக்குக் கேடாயின் அதனை அடைக்கத்தான் வேண்டும். கேடில்லாத ஈரநிலத்தைப் பயனற்ற பள்ளமென்று எண்ணி மண்ணிட்டு மூடவேண்டியதில்லை. பயனற்றது என்று நாம் எழுதிவைத்த நிலம் யாருக்கோ பிறப்பிடமாக இருக்கின்றது.

நினைவிற் கொள்க

1. கிழங்குச் செடிக்குப் பூக்காலத்தைவிடப் பூவுக்குப் பிற்பட்ட காலமே அடுத்த ஆண்டை முடிவு செய்கின்றது.

2. வளரும் பருவத்தில் உலரவிடாதே. உறங்கும் பருவத்தில் நனைத்து அழுகவிடாதே.

3. சத்துக் குறைந்த நிலத்துச் செடிக்கு மிகுந்த உரம் நஞ்சாகும்.

4. பண்ணையில் வளர்த்ததை வாங்கலாம். காட்டில் வளர்வதைத் தோண்டலாகாது.

5. சட்டியிற் காப்பது ஒரு செடியை. பொதுநிலத்திற் காப்பது ஓர் இனத்தை.

வீட்டுச் சட்டியில் பூத்த ஒரு வெண்மலரைக் கண்டு மகிழ்வது ஒருவரின் உழைப்புக்குக் கிடைத்த பயன். ஊரின் ஈரநிலத்தில் ஆண்டுதோறும் தானே பூக்கும் மலர், ஊரார் அனைவரும் சேர்ந்து காத்ததன் பயன். முதலாவதைக் குடும்பம் செய்யலாம். இரண்டாவதைப் பஞ்சாயத்தே செய்யமுடியும்.